கொழும்புக்குப் போன எண்

கொழும்புக்குக் கடிதம் எழுதுவது தேவிபட்டினத்தில் ஒரு வீட்டுக் காரியம் அல்ல, பாதித் தெருவின் காரியம். ஜுனைதாவின் கொழுந்தன் ஹாஜா முகைதீன் பேனா மூடியைக் கழற்றிவிட்டான் என்று தெரிந்தால் போதும், அக்கம்பக்கத்துப் பெண்கள் கதவுக்குப் பின்னால் வந்து நின்றுவிடுவார்கள். "எங்க வீட்டாளையும் சொகம் விசாரிச்சதா எழுதுங்க தம்பி", "அந்தக் குடையை மறந்துறாம குடுத்துவிடச் சொல்லுங்க தம்பி" என்று ஆளுக்கொரு வரி. ஜுனைதாவின் புருஷனுக்குப் போகிற கடிதத்தில் ஜுனைதாவுக்கென்று இடம் கிடைப்பது கடைசி இரண்டு வரிதான்.

அந்தப் பக்கமும் அப்படியே. அவள் புருஷன் நெய்னா முகம்மது கொழும்பில் மருதானை ஜவுளிக்கடை ஒன்றில் துணி கிழிக்கிறவன். கடை மாடியில் ஒரே அறை, ஏழு பேர், ஏழு பேரும் இந்தக் கரைக்காரர்கள். ஊரிலிருந்து யாருக்குக் கடிதம் வந்தாலும் சாப்பாடு முடிந்ததும் கணக்கப்பிள்ளை அதை உரக்க வாசிப்பார், எல்லோரும் வட்டம் கட்டிக் கேட்பார்கள். ஊர்க் கடிதம் பொதுச் சொத்து. அதை ஒருவன் மட்டும் ஒளித்து வைத்துக்கொண்டால் அவன் வீட்டில் ஏதோ அசிங்கம் நடந்துவிட்டது என்று அர்த்தம். நெய்னாவால் ஒளித்து வைக்கவும் முடியாது, ஏனென்றால் அவனுக்கு எழுத்து வராது. எண் வரும். கெஜக் கணக்கும் விலையும் விரல் நுனியில் நிற்கும். எழுத்தில் அவனுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரே ஒரு உருவம். கடிதத்தின் அடியில் தம்பி கொட்டை எழுத்தில் போடும் 'ஜுனைதா' என்ற பெயரின் உருவம்.

ஆடு குட்டி போட்டதை எழுதலாம். மகள் மலிகா குர்ஆனின் முப்பது ஜுஸ்உவில் முதல் ஜுஸ்உ ஓதி முடித்ததை எழுதலாம். எழுத முடியாதது ஒன்றுதான். மூடி மறைக்காமல் சொல்லிவிடுவோம், மூடி மறைத்ததில்தான் இவ்வளவும் வந்தது. ஜுனைதாவுக்குக் கர்ப்பப்பை கீழே இறங்கியிருந்தது.

இரண்டாவது பேற்றோடு வந்தது அது. இரண்டு நாள் வலி. மருத்துவச்சி வயிற்றின் மேல் ஏறி உட்காராத குறையாக அமுக்கியதில் ஆண் பிள்ளை பிறந்தது, அழவில்லை. பதினைந்தாம் நாள் உம்மாவுக்குக் காய்ச்சல் என்று ஜுனைதாவே ஊருணிக்குப் போய்க் குடத்தைத் தூக்கினாள். அன்றைக்கே உள்ளே ஏதோ நழுவியது. முதலில் இருமினால் மட்டும் தெரிந்தது. பிறகு சாயங்காலம் வரை நின்றால் தெரிந்தது. ஆறு மாதத்தில் முழுசாக வெளியே வந்து, படுத்துக்கொண்டு கையால் உள்ளே தள்ளினால்தான் அடுத்த வேலை என்று ஆகிவிட்டது.

உம்மாவிடம் மட்டும் சொன்னாள். உம்மா கேட்டுவிட்டு, "பொம்பளையாப் பொறந்தா இதெல்லாம் உள்ளதுதான். ஆம்பளை காதுல மட்டும் போட்டுறாத புள்ள. ஒரு தரம் அருவருத்துட்டான்னா ஆயுசுக்கும் ஒட்டாது" என்றாள். சொன்ன மறுமாதமே உம்மா மௌத்தாகிவிட்டாள். உயிரோடு இருப்பவள் சொன்ன சொல்லோடு சண்டை போடலாம், மண்ணுக்குள் போனவள் சொல்லோடு யார் போடுவது?

நெய்னா கடைசியாக வந்தது ஒன்றரை வருஷத்துக்கு முன்னால், ரமலானுக்கு. பிஸ்கட் டின், அத்தர் குப்பி, சோப்பு, அவளுக்கு நீலத்தில் ஒரு வாயில் சேலை. மூன்று மாதம் இருந்தான். மூன்று மாதமும் அவள் மலிகாவை நடுவில் போட்டுப் படுத்தாள். தலைவலி என்றாள், நேரத்தோடு எழுந்திருக்கவேண்டும் என்றாள். அவன் பக்கத்தில் வந்தால் அவளுக்கு உடம்பெல்லாம் ஆசையாகவும் இருந்தது, உடம்பெல்லாம் பயமாகவும் இருந்தது. புதுத்துணிக் கஞ்சி வாசனை அவன் மேல் எப்போதும் இருக்கும். கல்யாணமான புதிதில் அவள் பின்னலைக் கையில் எடுத்து முழம் போட்டு, "மூணு முழம். கெஜம் என்ன விலைங்க?" என்று கேட்டுச் சிரித்தவன். அந்தக் கை நீண்டபோதுதான் அவள் விலகி விலகிப் போனாள்.

ஒருநாள் மத்தியானம் கிணற்றடியில் வந்து கேட்டான்.

"என்ன புள்ள செய்யுது ஒனக்கு?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னா என்னையத்தான் புடிக்கலைன்னு அர்த்தம்."

அவள் வாளியைக் கிணற்றுக்குள் விட்டாள்.  லீவில் பன்னிரண்டு நாள் பாக்கி இருக்கும்போதே அவன் புறப்பட்டுவிட்டான். கடல் தாண்டிப் பிழைக்கப் போகிறவன் வீட்டைவிட்டு இறங்கும்போது 'போறேன்' என்று சொல்லமாட்டான், 'வாரேன்' என்றுதான் சொல்வான். அவன் எல்லோரிடமும் "வாரேன்" என்றான். அவளிடம் வந்து, முகத்தைப் பார்க்காமல், "போறேன்" என்றான்.

அந்த 'ஒண்ணுமில்ல'வை ஒன்றரை வருஷமாக அவள் மென்றுகொண்டிருந்தாள். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

இப்போது வந்திருந்த கடிதத்தை ஹாஜா முகைதீன் வழக்கத்துக்கு மாறாகக் கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்தி வாசித்தான். கணக்கப்பிள்ளையின் கையெழுத்து, நெய்னாவின் சொல். 'அங்கே என்னோடு இருக்க மனசில்லை என்றால் இங்கே வந்து இரு. மண்டபம் கேம்பில் உடம்பைச் சோதித்து நம்பர் போட்ட சீட்டு கொடுப்பார்கள், அதை வாங்கிக்கொண்டு கப்பல் ஏறினால் நான் தலைமன்னாரில் வந்து அழைத்துக்கொள்வேன். வரவும் மனசில்லை என்றால் அதைச் சொல்லிவிடு. ரஜப் பிறை பார்ப்பதற்குள் உன் பதில் வராவிட்டால் இல்லை என்றே எடுத்துக்கொண்டு, எனக்கான ஏற்பாட்டை நான் பார்த்துக்கொள்வேன்.'

"ஏற்பாடுன்னா என்னங்க தம்பி?" என்று கேட்டாள் ஜுனைதா. அவளுக்குத் தெரியாமலா கேட்டாள்?

"ஒண்ணுமில்ல மச்சி" என்றான் ஹாஜா. அந்த வீட்டில் எல்லோருக்கும் அந்த ஒரு சொல்தான் கைவசம் இருந்தது.

ரஜப் பிறைக்கு இன்னும் இருபத்தாறு நாள்.

ஐந்தாம் நாள் ஊருணிக் கரையில் இருளம்மாள் அவளைப் பிடித்தாள். இருளம்மாள் தெருத்தெருவாக நண்டும் கருவாடும் விற்கிறவள். நாற்பத்தைந்து வயசு, வாய்க்குப் பூட்டே கிடையாது. ஜுனைதா குடத்தை இறக்கி வைத்துவிட்டு, காலை இடுக்கிக்கொண்டு புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துத் தன் கூடையையும் இறக்கினாள்.

"ஏத்தா, எத்தனை நாளா?"

"எது அக்கா?"

"எங்கிட்டயேவா? நீ நடக்குற நடையப் பாத்தாத் தெரியாதா? அடி எறங்கிருக்கு ஒனக்கு. நானும் ஏழு வருசம் இந்த நடைதான் நடந்தேன். கூடைக்காரி ஒயிலா நடக்குறான்னு ஊர்ல பேரு வேற வாங்குனேன்."

ஜுனைதாவுக்குச் சிரிப்பு வந்து, சிரித்த வேகத்தில் அழுகை வந்துவிட்டது. உம்மா போனபிறகு இதை ஒருத்தி வாய்விட்டுச் சொல்லி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை.

"அழுவாத. ராம்நாட்டுல டேசனுக்குப் பின்னால எஸ்தர் டாக்டரம்மா ஆசுபத்திரி இருக்கு. போன மாசி மாசம் அறுத்துத் தச்சு உள்ள வச்சுட்டாக. இப்பப் பாரு" என்று இருளம்மாள் எழுந்து, கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, மரத்தடியில் பத்து அடி நடந்து காட்டினாள். "ஒயில் போயிருச்சு, ஆனா சொகமா இருக்கேன். செவ்வாக்கிழமை வா. கண்ணு வலின்னு வீட்டுல சொல்லிரு."

செவ்வாய்க்கிழமை காலை பஸ்ஸில் இருவரும் போனார்கள். ஆஸ்பத்திரி என்றால் பத்துக் கட்டில், ஒரு நீளக் கொட்டகை, கம்பி போட்ட ஒரு ஜன்னல். ஜன்னலுக்குப் பின்னால் ஒரு ரைட்டர் பெரிய பதிவேட்டை விரித்து உட்கார்ந்திருந்தார். பெண்கள் வரிசையாக நின்றார்கள். "என்ன செய்யுது?" என்று அவர் கேட்க, ஒவ்வொருத்தியும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு "இடுப்பு வலி" என்றாள். முன்னால் நின்ற ஆறு பேருக்கும் இடுப்பு வலி. ஜுனைதாவும் "இடுப்பு வலி" என்றாள். பின்னே? முன்பின் தெரியாத ஆம்பளை முகத்துக்கு நேரே வேறு என்ன சொல்வது? ரைட்டர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எழுதினார்.

இருளம்மாள் அவளை முழங்கையால் இடித்துவிட்டு ஜன்னலில் குனிந்தாள். "எனக்கு ஆறு மூணு ஒண்ணு. தச்சதைக் காட்ட வந்தேன்" என்றாள். ரைட்டர் மறுபேச்சில்லாமல் உள்ளே கைகாட்டினார்.

எஸ்தர் டாக்டரம்மா நாகர்கோவில் பக்கத்துக்காரர். நரைத்த தலை, கோபக்காரக் கண்ணாடி. திரைக்குப் பின்னால் ஜுனைதாவைப் படுக்க வைத்துப் பார்த்தார். ஜுனைதா கண்ணை இறுக மூடிக்கொண்டு தெரிந்த சூராவையெல்லாம் ஓதினாள். பார்த்து முடித்ததும் டாக்டரம்மா பதிவேட்டை வரவழைத்து, ரைட்டர் எழுதியிருந்த 'இடுப்பு வலி'யை ஒரே கோடாக அடித்துவிட்டு, பக்கத்தில் இங்கிலீஷில் ஒரு வரியும் அதன் எதிரே மூன்று இலக்கமும் எழுதினார்.

"எத்தனை வருஷமா இருக்கு?"

"மூணு வருசமாகப் போவுதுங்க டாக்டரம்மா."

"மூணு வருஷம் இதை வச்சுக்கிட்டுத் தண்ணி தூக்கினியா? கெட்டிக்காரிதான்." பேனாவை மேஜையில் போட்டார். "இந்தக் கரையில பாதிப் பேருக்கு இது இருக்கு. அத்தனை பேரும் ஜன்னல்ல இடுப்பு வலின்னு சொல்லி, அவர் அத்தனையும் இடுப்பு வலின்னு எழுதி, வருஷக் கணக்கு அனுப்பினா, உங்க ஊர்ல அந்த வியாதியே இல்லையே, ஆபரேஷன் ரூம் எதுக்குன்னு மேலிடத்துல கேக்கறாங்க. அதான் இப்ப நானே பார்த்து, நானே நம்பர் போடறேன். மறுபடி வர்றவங்க வெக்கப்பட வேண்டாம், நம்பரைச் சொன்னாப் போதும்னு சொல்லிட்டேன்."

"அது என்ன நம்பருங்க?"

மேஜை மேல் கிடந்த ஒரு தடித்த புத்தகத்தை டாக்டரம்மா தட்டிக் காட்டினார். "ஜெனீவான்னு ஒரு ஊர். அங்க உட்கார்ந்து உலகத்து வியாதிக்கெல்லாம் தனித்தனியா நம்பர் போட்டிருக்காங்க. உன்னுது அறுநூத்தி முப்பத்தொண்ணு. எந்த தேசத்துல எந்த பாஷை பேசற டாக்டரா இருந்தாலும் இந்த நம்பர்னா இந்த வியாதிதான்."

"கொழும்புலயுமா?"

"கொழும்புலயும்தான்."

"கொழும்புல ஆஸ்பத்திரியில கேட்டாச் சொல்லுவாகளா?"

"சொல்வாங்கன்னு சொல்றேன்ல." டாக்டரம்மா கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "இப்ப ஒரு ரப்பர் வளையம் வச்சு விடறேன், தாங்கிப் பிடிக்கும். ஆனா உன் வயசுக்கு வளையத்தோட காலம் தள்ள முடியாது. ஆபரேஷன் பண்ணிடலாம். புருஷன் கையெழுத்து வேணும்."

"அவுக அங்கன இருக்காக. கொழும்புல."

"எழுதிக் கேளு."

எப்படிக் கேட்பது என்று ஜுனைதா சொன்னாள். எழுதுகிறவன் கொழுந்தன் என்பதையும், வாசிக்கிறவர் கணக்கப்பிள்ளை என்பதையும், கேட்கிறவர்கள் ஏழு பேர் என்பதையும் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே ஒன்று பிடிபட்டது. எண் மட்டும்தான் நெய்னா தானாக வாசிப்பது.

"டாக்டரம்மா, அந்த நம்பரை ஒரு சீட்டுல எழுதித் தருவீகளா? வேற ஒண்ணும் எழுத வேணாம். இங்கிலீசு வேணாம், கணக்கப்பிள்ளைக்கு இங்கிலீசு தெரியும். நம்பரும் எம்பேரும் போதும்."

"வெறும் நம்பரைப் பார்த்து அவருக்கு என்னம்மா புரியும்?"

"அவுக விசாரிப்பாக. என்னமோ ஏதோன்னு எந்த ஆஸ்பத்திரிக்காச்சும் கொண்டுபோய்க் காட்டுவாக. எம்மேல நெனப்பு இருந்தாக் காட்டுவாக."

 டாக்டரம்மா அதற்குமேல் வாதாடவில்லை. துண்டுக் காகிதத்தில் 631 என்று பெரிதாக எழுதி, கீழே ஜுனைதா என்று தமிழில் போட்டு, தேதியிட்டு, ஊதா மையில் ஒரு முத்திரையும் குத்திக் கொடுத்தார். முத்திரை பாதிதான் விழுந்தது.

அன்று சாயங்காலமே ஹாஜாவை உட்கார வைத்துக் கடிதம் எழுதச் சொன்னாள். ஆடு, மழை, மலிகா எல்லாம் முடிந்தது. "நீங்க கேட்டதுக்கு எம்பதில் இதுக்குள்ளயே இருக்குன்னு எழுதுங்க தம்பி" என்றாள்.

"எதுக்குள்ள மச்சி?"

"கடுதாசிக்குள்ளதான். எழுதுங்க."

அவன் புரியாமல் எழுதிக் கொடுத்தான். அவள் அடுப்படிக்குப் போய், சீட்டை நாலாக மடித்துக் கடிதத்துக்குள் வைத்து, உறையின் வாயைச் சோற்றுப் பருக்கையால் ஒட்டினாள். ஒரு பருக்கை போதும். அவள் ஐந்து பருக்கை வைத்து ஒட்டினாள்.

பிறகு காத்திருப்பு. காத்திருப்பது அந்தத் தெருப் பெண்களுக்குப் பழக்கமான வேலைதான். அரிசி புடைப்பது மாதிரி அதுவும் ஒன்று. ஆனால் முன்பெல்லாம் ஆள் வரக் காத்திருப்பாள், இப்போது ஒரு சொல் வரக் காத்திருந்தாள். தபால்காரர் சைக்கிள் தெருமுனை திரும்பும்போது அவள் கை எந்த வேலையில் இருந்தாலும் நின்றுவிடும். அந்நேரம் அவன் சீட்டை யாரிடம் காட்டியிருப்பான், அவர் என்ன சொல்லியிருப்பார், கேட்டதும் அவன் முகம் எப்படி ஆகியிருக்கும் என்று நினைத்து நினைத்துப் பார்ப்பாள். அருவருப்பாக ஒரு முகம் வரும். அதைத் துரத்திவிட்டு இரக்கமாக ஒரு முகத்தை வரவழைப்பாள். அதுவும் வேண்டாம் என்றிருக்கும். அவளுக்கு வேண்டியது இரக்கம் இல்லை. அவன் பின்னலை முழம் போடும்போது இருந்த அந்த முகம் வேண்டும், அது மட்டும் போதும்.

வளையம் தாங்கியது. நிமிர்ந்து நடக்க முடிந்தது. நடந்து என்ன செய்ய?

பத்து நாள். இருபது நாள். ரஜப் பிறை தெரிந்தது. தெருவே பிறை பார்க்க வெளியே நின்றபோது அவள் மட்டும் உள்ளே பாயில் உட்கார்ந்திருந்தாள், பார்க்காவிட்டால் பிறை வராது என்பது போல.

பிறை தெரிந்த ஏழாம் நாள், கொழும்பிலிருந்து கனி வந்து இறங்கினான். அதே கடை, அதே மாடி, நெய்னாவுக்குப் பக்கத்துப் பாய். வீடு வீடாகச் சாமான் கொடுத்துக்கொண்டே வந்தவன் இந்த வீட்டில் வெறுங்கையோடு நின்றான். ஹாஜாவைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினான். தனியாகப் பேசுவது என்றால் கதவுக்கு இந்தப் பக்கம் பேசுவது. அந்தப் பக்கம் ஜுனைதா நின்றாள்.

"எப்புடிச் சொல்றதுன்னு தெரியல மாப்புள. ஒங்க நெய்னா காக்கா மருதானைப் பள்ளிவாசலுக்குப் பின்னால தனியா ஒரு ரூம்பு பிடிச்சிருக்காரு. புதுசா ரெட்டைப் பாய், ரெண்டு தலகாணி, மொகம் பாக்குற கண்ணாடி எல்லாம் வாங்கிப் போட்டாச்சு. யாருக்குன்னு கேட்டாச் சிரிக்கிறாரு. மொதலாளிகிட்ட லீவு சொல்லிட்டுத் தலைமன்னாருக்குப் போயிட்டாரு, யாரையோ கூட்டியார. நான் கப்பல் ஏறுறப்பகூட அந்தத் துறைமுகத்துலதான் நின்னாரு. நான் கூப்பிட்டது காதுலயே விழல."

இரண்டு தலையணை. அவ்வளவுதான் ஜுனைதாவின் காதில் விழுந்தது. சீட்டைக் காட்டியிருக்கிறான். யாரோ சொல்லியிருக்கிறார்கள். உம்மா சொன்னது சரியாகிவிட்டது. 'ஏற்பாடு' நடந்துவிட்டது. அவள் உள்ளே போய் அந்த நீல வாயில் சேலையைப் பெட்டியிலிருந்து எடுத்து, மடிப்புக் கலையாமல் மடியில் வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தாள். கிணற்றடியில் ஒரே ஒரு வார்த்தையை மாற்றிச் சொல்லியிருந்தால் என்ன? மாற்றிச் சொல்லியிருந்தாலும் இதேதான் நடந்திருக்குமோ? யாரைக் கேட்பது? மலிகா வந்து, "உம்மா, பசிக்குது" என்றாள். எழுந்து சோறு போட்டாள்.

மறுநாள் பத்து மணிக்கு, கையில் ஒரு சின்னப் பெட்டியோடு நெய்னா முகம்மது வாசலில் நின்றான்.

தாடி வளர்ந்திருந்தது. கண் சிவந்திருந்தது. தம்பியைக் கட்டிக்கொள்ளவில்லை, மகளைத் தூக்கவில்லை. நேரே அடுப்படிக்கு வந்து, சட்டைப் பையிலிருந்து வேர்வையில் நைந்துபோன அந்தச் சீட்டை எடுத்து அவள் முன்னால் நீட்டினான்.

"நீ வாரேன்னு நெனச்சேன் புள்ள" என்றான்.

அவளுக்குப் புரியவில்லை.

"நம்பரு இருக்கு, முத்திரை இருக்கு, ஓம்பேரு இருக்கு. பதில் உள்ளயே இருக்குன்னு கடுதாசியில வேற வாசிச்சாக. கேம்பு சீட்டுன்னுதான நெனப்பேன்? நாந்தான கேம்புல சீட்டு வாங்குன்னு எழுதச் சொன்னேன்? அறுநூத்தி முப்பத்தோராவது ஆளா நீ வரப்போறன்னு நெனச்சு ரூம்பு பிடிச்சேன். தலைமன்னார்ல மூணு நாள் நின்னேன். மூணு கப்பல். எறங்குற ஒவ்வொரு வெள்ளைத் துப்பட்டியும் நீயாத் தெரிஞ்சுச்சு. கிட்டப் போய்ப் பாத்தா வேற யாரோ. ஒரு அம்மா என்னையச் செருப்பால அடிக்க வந்துருச்சு."

ஜுனைதா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மூணாவது கப்பலும் காலியானப்புறம், அங்கன சோதிக்கிற டாக்டருகிட்ட ஓடுனேன். யாழ்ப்பாணத்துக்காரரு, வயசானவரு. 'அறுநூத்தி முப்பத்தொண்ணு நம்பரு ஆளை எங்க நிறுத்தி வச்சிருக்கீங்க, எம் பொஞ்சாதிங்க'ன்னு சீட்டைக் காட்டுனேன். அவரு சீட்டை அப்புடியும் இப்புடியும் பாத்துட்டு, 'தம்பி, இது எங்கட சீட்டு இல்லை, ஆசுப்பத்திரிச் சீட்டு. இது ஆளின்ர நம்பர் இல்லை, வருத்தத்தின்ர நம்பர்'னாரு. அங்கன நோயை வருத்தம்னுதான் சொல்லுவாக. ஒரு பொஸ்தகத்தை எடுத்துப் பாத்தாரு. கதவைச் சாத்திட்டு எல்லாத்தையும் சொன்னாரு." அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். "ரமலானுக்கு நான் வந்திருந்தப்பவும் இது இருந்துச்சா?"

அவள் தலையசைத்தாள்.

"நான் கேட்டேன்ல புள்ள. கெணத்தடியில கேட்டேன்ல?"

"உம்மா சொல்லக் கூடாதுன்னுச்சு. அருவருத்துருவீகன்னு..."

"ஒன்னையவா? ஒரு கட்டி வந்தா, ஒரு காயம் வந்தா அருவருப்பாகளா? என்னையத்தான் புடிக்கலைன்னு நெனச்சு ஒன்றரை வருசமா அந்த மாடியில சுவத்தைப் பாத்துப் படுத்திருந்தேன் நான்."

இந்த ஊரில் ஏங்கிக்கொண்டிருந்தது தான் ஒருத்திதான் என்று அவள் அத்தனை நாளும் நினைத்திருந்தாள். கடலுக்கு அந்தப் பக்கமும் ஒருவன் அதே கணக்கைப் போட்டு அதே தப்பான விடையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறான். அவளுக்கு அவன்மேல் கோபம்கூட வந்தது. இவ்வளவு பிரியத்தை வைத்துக்கொண்டா இந்த மனுஷன் 'போறேன்' என்று சொல்லிவிட்டுப் போனது?

அடுத்த செவ்வாய்க்கிழமை எஸ்தர் டாக்டரம்மா ஆஸ்பத்திரி ஜன்னல் வரிசையில் ஒரே ஒரு ஆம்பளை நின்றான். பெண்கள் முக்காட்டுக்குள் முகத்தை இழுத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மொய்க்கும் ஈயை விரட்டிக்கொண்டு நண்டுக் கூடையோடு நின்ற இருளம்மாள், "கூச்சப்படாம நில்லுங்க தம்பி. இங்கன யாரும் கடிக்க மாட்டோம்" என்றாள்.

"பொம்பளை ஆஸ்பத்திரி இது. உமக்கு என்னய்யா செய்யுது?" என்றார் ரைட்டர்.

"அறுநூத்தி முப்பத்தொண்ணு" என்றான் நெய்னா, கடையில் விலை சொல்லும் குரலில். "கைநாட்டு வைக்க வந்திருக்கேன்."

வரிசை முழுக்கச் சிரித்தது. ரைட்டர் அன்றைக்குத்தான் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். அவனுக்கு அடுத்து நின்றவள், திருப்புல்லாணிப் பக்கத்துச் சம்சாரி வீட்டுப் பெண், சிரிப்பு அடங்குவதற்குள் ஜன்னலில் குனிந்து, "எனக்கும் அதாங்க" என்றாள்.

புதன்கிழமை ஆபரேஷன். கொழும்பு அனுமதிச் சீட்டின்படி அவன் இங்கே இருக்க இன்னும் ஆறு நாள்தான் பாக்கி. அதற்குள் தையல்கூடப் பிரிக்கமாட்டார்கள். ஏழாம் நாள் கப்பல் ஏறியாக வேண்டும், இல்லாவிட்டால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். மருதானையில் அந்த ரூமுக்கு மாதக் கடைசி வரை வாடகை கொடுத்தாகிவிட்டது. ஜன்னலைத் திறந்தால் ஒரு முருங்கை மரம் தெரியும் என்றான். அவள் அந்த முருங்கை மரத்தைப் பார்க்கப் போவதில்லை என்று இருவருக்கும் தெரியும். ஆனாலும் பூத்திருக்கிறதா காய்த்திருக்கிறதா என்று கேட்டாள். பூத்திருக்கிறது என்றான்.

வியாழக்கிழமை மத்தியானம் அவள் மயக்கம் முழுசாகத் தெளிந்து கண் திறந்தபோது அவன் கட்டிலின் அருகே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். கட்டிலிலிருந்து தொங்கிய பின்னலின் நுனி அவன் உள்ளங்கையில் இருந்தது. முழம் போடவில்லை, வெறுமனே பிடித்திருந்தான். கட்டைவிரலில் ஊதா மை இன்னும் போகவில்லை.

அவள் முகம் சுளிப்பதைப் பார்த்துக் குனிந்தான்.

"என்ன புள்ள செய்யுது?"

'ஒண்ணுமில்ல' என்ற சொல் பழக்கத்தில் உதடு வரை வந்துவிட்டது. அவள் அதை அங்கேயே நிறுத்தினாள்.

"வலிக்குது மச்சான்" என்றாள். "ரொம்ப நாளாவே வலிக்குது."